சுடுசோற்றில் ஆடிய சீவல்

புரட்டாசி பிறந்தால் எங்கள் அப்பாவுக்கு இல்லாத நோயெல்லாம் வரும். கால் குடையும், தலை சுற்றும், கண் மங்கும். என்ன மருந்து வேண்டும் என்று கேட்டால் கோழிச்சாறு என்பார். மற்ற பதினோரு மாதமும் தக்காளித் தோட்டத்தில் ஓய்வில்லாமல் உழைக்கிற மனிதர், இந்த ஒரு மாதம் மட்டும் கட்டிலில் சுருண்டுகொண்டு முனகுவார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இத்தனைக்கும் அவள் பென்னாகரம் பக்கம் பிறந்து, காவிரி மீன் தின்று வளர்ந்தவள். ஆனால் புரட்டாசி என்றால் புரட்டாசிதான். வீட்டுக்குள் முட்டைகூட நுழையக் கூடாது.

போன வருஷம் கெடுபிடி இன்னும் அதிகம். தம்பி ஜப்பானில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் அங்கே வயிறு வாடாமல் இருக்க வேண்டும் என்று அம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டு விரதம் பிடித்திருந்தாள். தினமும் போனில் அவள் கேட்பது ஒரே கேள்வி. "என்ன சாப்புட்ட சாமி?" அவன் சொல்வதும் ஒரே பதில். "சோறுதாம்மா. மேல ஒண்ணு தூவிச் சாப்புட்டேன்." அது என்னடா என்றால், "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்று வைத்துவிடுவான். அவ்வளவுதான், அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவாள். "வெறுஞ்சோத்துல எதையோ தூவித் திங்குதாம் புள்ள." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறான், விளக்கிச் சொன்னால் என்ன?

மூன்றாவது சனிக்கிழமை நான் தர்மபுரியிலிருந்து மாரண்டஹள்ளிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு அன்று கடுமையான சளி. வழியில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓசூர்க்காரர் காத்திருந்து ஒரு பெட்டியைக் கொடுத்தார். தம்பியோடு வேலை செய்பவர், லீவில் வந்திருந்தார். பெட்டி நிறைய ஜப்பான் தின்பண்டம் என்றார்.

அம்மா அதைப் பிரிக்க விடவில்லை. "மொதல்ல சாமி பாக்கட்டும்" என்று பெருமாள் படத்துக்கு முன்னால் தளிகையோடு வைத்தாள். சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், வடை, அவற்றுக்கு நடுவில் அட்டைப்பெட்டி. பெட்டிக்கும் ஒரு நாமம் போட்டுவிட்டாள். கோவிந்தா சொல்லி முடித்து, எல்லோரும் நெற்றி நிறைய நாமத்தோடு சுற்றி உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டில் வாக்கப்பட்டிருக்கும் என் பள்ளித்தோழியும் வந்து சேர்ந்தாள். அவர்கள் கன்னடம் பேசுகிற வீடு. மாமியாருக்குப் பயந்து அவளும் விரதம்.

முதலில் வந்தது கடற்பாசி. கறுப்பாக, சதுரமாக, மொறுமொறுவென்று இருந்தது. அப்பா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கார்பன் பேப்பரை எதுக்கு அனுப்பியிருக்கான்? கையெழுத்து கிய்யெழுத்து போடணுமா?"

தோழி ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "சென்னாகிதெ" என்றாள். அவளுக்கு எதுவுமே நன்றாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தின்றவள் அவள்.

அடுத்தது மாவு பூசிய வெள்ளை உருண்டை. "கொழுக்கட்டை மாதிரிதாங்க இருக்குது, சாப்புடுங்க" என்று அம்மா அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஒரே கடி கடித்தார். அப்புறம் வாய் திறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உருண்டை வந்தது, கூடவே மேல்பல் செட்டும் வந்தது. நானும் தோழியும் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டோம். அப்பா பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு வந்து, பெருமாள் படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

"இனிமே அந்த ஊர்ப் பண்டம் ஒண்ணுகூட என் வாய்ல படாது."

பெட்டியின் அடியில் ஒரு பெரிய பாக்கெட் இருந்தது. அதன்மேல் தம்பியின் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு: "அம்மா, நான் தினமும் சோத்துல தூவிச் சாப்புடறது இதுதான். சுடச்சுடச் சாப்புடணும்." அம்மா சீட்டை இரண்டு முறை படித்தாள். பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே தச்சுப்பட்டறையில் இழைப்புளி போட்டால் விழுமே, அதே மாதிரி மெல்லிய சீவல்.

"மரத்தைச் சீவித் திங்கறானா என் மவன்?" என்றார் அப்பா.

அம்மா பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். மகன் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எழுந்துபோய் ஆவி பறக்கச் சோறு போட்டுக்கொண்டு வந்து, மேலே ஒரு கை தூவினாள்.

சீவல் ஆடியது. நிஜமாகவே ஆடியது. ஒவ்வொன்றும் நெளிந்து, தலையைத் தூக்கி, பக்கத்திலிருந்ததைத் தொட்டு மறுபடி படுத்தது.

"அய்யய்யோ, அது உசுரோட இருக்குதுடி!" அப்பா நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"சூடு பட்டு ஆடுதுங்கப்பா. எறங்குங்க."

"அசையறதை நான் திங்க மாட்டேன்."

"கோழி மட்டும் அசையாதாங்கப்பா?"

"கொழம்புல அசையாது பாப்பா."

அம்மா நெய் ஊற்றிப் பிசைந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். சளி மூக்குக்கு வாசம் எட்டவில்லை, ஏதோ உப்பும் புகையுமாக இருந்தது. தோழி இரண்டாம் தட்டு முடித்து மூன்றாவதில் இருந்தாள். அந்த அழகைத் தம்பி பார்க்கட்டுமே என்று நான்தான் வீடியோ கால் போட்டேன். சனியன் யாரை விட்டது?

"இது எந்த மரம்டா?" என்றேன்.

"மரமா? மீன்க்கா அது. காயவெச்சு, கட்டையாக்கி, சீவுனது."

தோழி வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினாள். "நான் இன்னிக்கு இங்க வரவேல்ல. எங்க அத்தை கேட்டா ரேஷன் கடைல பாத்தேன்னு சொல்லு" என்று கொல்லைப்பக்கமாக ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலும் மீதிக் கடற்பாசியை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "அறிவிருக்குதாடா உனக்கு? புரட்டாசி சனிக்கெழமை, உனக்காகத்தான் அம்மா விரதம் இருக்குது, நீ மீனை அனுப்பியிருக்கற!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "புரட்டாசியாக்கா? இங்க மாசமெல்லாம் தெரியறதில்ல. ஷிப்டுதான் தெரியுது."

அதற்குள் அப்பா பைக் சாவியோடு வாசலில் நின்றார். கால்குடைச்சல், தலைசுற்றல் எதையும் காணோம். "சரி, ஆனது ஆயிப்போச்சு. ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான். நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

அம்மா நிமிர்ந்தாள். "நீங்க அந்தச் சோறு தின்னீங்களா?"

"நான் எங்க தின்னேன்? நான்தான் நாற்காலி மேல இருந்தேனே."

"அப்ப உங்க வெரதம் ஒடையவே இல்ல. சாவிய மாட்டிட்டு உக்காருங்க."

அப்பா பாக்கெட்டின்மேல் பாய்ந்தார். அம்மா அவரைவிட வேகம். பாக்கெட் இடுப்புக்குப் போய்விட்டது. வீட்டிலேயே சுத்தபத்தமான ஒரே ஆள் என்ற பெருமையோடு அப்பா கட்டிலில் விழுந்து முனகத் தொடங்கினார்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அது கெடக்குது வுடு சாமி. இதுகூட வேற என்ன வெச்சுக்குவ?"

"முட்டைம்மா. சில நாள் கீரை."

"நெய்?"

"இங்க ஏதும்மா நெய்?"

"நான் அனுப்பறேன்" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு, புது நாமம் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான் அங்கே தேம்பாத குறையாக நின்றுகொண்டிருந்தேன். பெட்டியைக் கொண்டுவந்த பாவி நான்தானே.

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு, தெரில."

"எனக்கென்ன மூக்கா அடைச்சிருந்துச்சு?" என்றாள் அம்மா, சொம்பைத் துலக்கிக்கொண்டே. "பென்னாகரத்துக்காரிக்கு மீன் வாசம் தெரியாதா? பிரிச்சதுமே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சேவா தின்ன? அவ்வளவு வேண்டுதல் வெச்சுட்டு?"

"வேண்டுதலே அவன் வயித்துக்காகத்தான? ஆறு மாசமா கேக்கறேன், என்னடா சாப்புடறன்னு. சொல்லத் தெரில அந்தக் கழுதைக்கு. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு." சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நல்ல மீன்தான். புள்ள நல்லாத்தான் சாப்புடுது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடைத்த மூக்கோடு அழுதால் எவ்வளவு அசிங்கமாகச் சத்தம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா தன் முந்தானையால் என் மூக்கைப் பிடித்துச் சிந்திவிட்டு, "அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றாள்.

கூடத்தில் அப்பா இன்னும் போனை வைக்கவில்லை. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஊர்ல கோழியில சீவல் கெடைக்குமா சாமி?"