கீல் வைத்த பக்கம்

தாராவியில் நான் வேலை பார்த்த பட்டறையில் மீட்டர் ஜன்னல் செய்தோம். மில்களில் சுவரோரம் ஆளுயரத்துக்கு மின்சாரப் பெட்டிகள் நிற்கும். அவற்றின் கதவில் இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டி, கண்ணாடி பதித்த சின்னக் கதவு ஒன்றைக் கீல் போட்டு மாட்டியிருப்பார்கள். பெரிய கதவைத் திறக்காமலே உள்ளே முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். குமிழைத் திருக வேண்டுமென்றால் சின்னக் கதவைத் திறந்து கையை விட்டால் போதும். அதைத்தான் நாங்கள் மீட்டர் ஜன்னல் என்போம்.

அந்த வேலைக்கு இரண்டு பேர். கீல் வரும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறிப்பது நான். ஓட்டை போட்டு ரிவெட் அடிப்பது என் பக்கத்தில் நின்றவன். திருநெல்வேலிக்குத் தெற்கே எங்கள் பக்கத்து ஆள்தான், என்னைவிடப் பத்து வயது இளையவன். இடது கைக்காரன். அவன் அடித்த ரிவெட்டின் தலை பொட்டு வைத்த மாதிரி வட்டமாக உட்காரும். இருந்தும் பட்டறைத் தமிழர்கள் அவனைப் பீச்சாங்கை என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

அவன் பள்ளிக்கூடமே போனதில்லை. நான் ஐந்தாவது வரை படித்திருந்ததால் அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. அந்த வருடம் மழை விட்டதும், அவன் சொல்லச் சொல்ல அவன் மனைவிக்கு எழுதினேன். வேலை நிலைத்துவிட்டது, தங்க ஒரு கோலி பிடித்தாகிவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு வா. கோலி என்றால் அறை என்று அவளுக்குத் தெரியாதே என்று அவனே அடித்துவிட்டு எழுதச் சொன்னான். ஒற்றை அறை என்று எழுதினால் வர யோசிப்பாள் என்றான். கடைசியில் வீடு என்று எழுதினேன்.

எனக்கு இந்தி புரியும். பேச வராது. தமிழே நாலு பேர் முன்னால் வராது. மேஸ்திரி மராத்திக்காரர். எங்களிடம் இந்தி பேசுவார், அவசரமென்றால் அவருடைய பாஷை வந்துவிடும். ஒரு நாள் காலை ஒரு மில்லுக்காக இரண்டு டஜன் ஜன்னல் செய்ய வேண்டியிருந்தது. பீச்சாங்கை கண்ணாடிக்கு வைக்கும் ரப்பர் பட்டை வாங்க வெளியே போயிருந்தான். மேஸ்திரி என் மேஜையிலிருந்த தகட்டைத் தட்டி, கீல் “டாவீகடே” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மராத்தியில் டாவா என்றால் இடது. இந்தியில் தாயா என்றால் வலது. என் காதில் இரண்டும் ஒரே சத்தமாகத்தான் விழுந்தன. சோத்தாங்கைப் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தது. மேஸ்திரி நாலடிதான் போயிருந்தார், கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்குள் அவர் வேறு யாரிடமோ பேசத் தொடங்கினார். குறுக்கே போய் நிற்கக் கூச்சப்பட்டு வலது பக்கம் குறித்தேன். அவன் வந்து, என் கோட்டின் மேலேயே அடித்தான். பிறகு சாயம் பூசினார்கள். சாக்குக்கட்டிக் கோடெல்லாம் சாயத்துக்கு அடியில் போனது.

பத்து நாள் கழித்து இரண்டு டஜனும் கைவண்டியில் திரும்பி வந்தன. மில்லில் அந்தப் பெட்டிகளின் வலது ஓரத்தில் ஒரு பருத்த குழாய் ஓடுகிறதாம். ஜன்னல் அதில் இடித்து நாலு விரல் அளவுதான் திறக்கிறதாம். அதற்குள் யார் கையை விடுவது? மேஸ்திரி ஒரு ஜன்னலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். கீல் இடது பக்கம் வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் வழிந்துபோக, ஜன்னலின் தலைப்பக்கம் தகட்டை மடித்து விட்டிருப்போம். தலைகீழானால் அந்த மடிப்பே தண்ணீரை ஏந்தி உள்ளே விடும். மேஸ்திரி ஜன்னலைத் தரையில் போட்டுவிட்டு, யார் அடித்தது என்று கேட்டார்.

“மைனே மாரா” என்றான் அவன். அடித்தது அவன்தானே.

பம்பாய் இந்தியில் இடது கைக்கு உல்டா ஹாத் என்பார்கள், தலைகீழ்க் கை. மேஸ்திரி, அங்கே நின்றிருந்த முதலாளி சேட் பக்கம் திரும்பி, “உல்டா ஹாத், உல்டா காம்” என்றார், கையும் தலைகீழ், வேலையும் தலைகீழ். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பிறகு மேஸ்திரி என்னைப் பார்த்து, குறித்தது சரியாகத்தானே இருந்தது என்று கேட்டார். அன்றைக்குத் தான் என்ன பாஷையில் சொன்னோம் என்பது அவருக்கு நினைவிருந்ததா, தெரியாது. நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. எங்கள் பக்கத்துத் தலையாட்டல் வடக்கத்தியாருக்கு விளங்காது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சேட் அவனிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் தெருக்குழாயடியில் அவன் எனக்காக நின்றிருந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, நீங்க வாயத் தொறப்பியன்னு பாத்தேன்” என்றான்.

நான் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“பரவால்ல. அவ ரயில் ஏறிட்டா. நாளக்கழிச்சி வந்துருவா. காலைல சேட்டுட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. அடையாளம் நாந்தான் போட்டேன்னு மட்டும் சொன்னாப் போதும். ஒங்களப் போவச் சொல்ல மாட்டாவ, நீங்க பழைய ஆளு.”

சொல்கிறேன் என்றேன்.

காலையில் பட்டறைக்கு நடந்த வழியெல்லாம், குறித்தது நான்தான் என்பதை இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நிஷான் மைனே லகாயா. மூன்றே வார்த்தை. சேட்டின் அறைக்கு ஒட்டுப்பலகைத் தடுப்பு. வருகிறவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக அந்தத் தடுப்பில் எங்கள் ஜன்னல் ஒன்றையே பொருத்தியிருந்தார்கள். நான் அதன் முன்னால் போய் நின்றேன். உள்ளே அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பேசி முடித்து, ஜன்னலைத் திறந்து, க்யா ஹை என்றார்.

“ரப்பர் கதம் ஹோ கயா” என்றேன்.

ரப்பர் தீரவில்லை. அவன் வாங்கி வந்திருந்த சுருளில் பாதி அப்படியே இருந்தது. மேஸ்திரியிடம் சொல் என்று சேட் ஜன்னலைச் சாத்தினார். அது நன்றாகத்தான் சாத்தியது.

வெளியே டீக்கடையில் அவன் காத்திருந்தான். மத்தியானம் போய், “சொல்லிட்டேன். அவரு கேக்கல” என்றேன். இதைச் சொல்லும்போது மட்டும் வாய் ஒட்டவில்லை.

அவன் கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான். பிறகு, “சொன்னியள்லா, அது போதும்” என்றான். எனக்கும் ஒரு டீ சொன்னான்.

அந்த வாரம் இரண்டு டஜன் ஜன்னல்களையும் சரி செய்யும் வேலை என்னிடம் வந்தது. அவன் அடித்த ரிவெட்டுகளை உளியால் வெட்டி எடுத்தேன். லேசில் வரவில்லை, அவ்வளவு நன்றாக அடித்திருந்தான். பழைய ஓட்டைகளை ஈயத்தால் அடைத்து, ராவி, இடது பக்கம் புதிதாகக் குறித்தேன். கை முழுக்க ஈயக் கறுப்பு ஏறிப் போனது.

அப்படி ஒரு நாள் வேலை முடிந்து போகும்போது அவன் என்னைக் கோலிக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பாத்திரமெல்லாம் இன்னும் சாக்கிலேயே கிடந்தன. செம்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கேயே குடிசை போட்டுக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். கட்டடத்தில் ரிவெட் கிடையாது, கல்லும் மண்ணும் சுமக்க வேண்டும். பிள்ளை அவள் இடுப்பிலிருந்து இறங்கவேயில்லை.

அவள் ஓலைப்பெட்டியைத் திறந்து கருப்பட்டி மிட்டாய் எடுத்து ஒரு தட்டில் வைத்தாள்.

“ஒங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன் அண்ணாச்சி. இந்த ஊர்ல எங்களுக்காவப் பேசுன ஆளு நீங்க ஒருத்தருதானாம்.”

அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று அப்போது முதல் தடவையாகத் தோன்றியது. என் கையைப் பார்த்துவிட்டு அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கழுவினேன். கறுப்பு போகவில்லை. அதே கையால் எடுத்துத் தின்றேன்.

அவர்கள் போன பிறகு, கடிதம் எழுத அவன் என்னிடம் வரவில்லை. செம்பூரில் எழுதத் தெரிந்த வேறு ஆள் கிடைத்திருக்கலாம். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எந்தக் கட்டடத்தில் மீட்டர் ஜன்னலைக் கண்டாலும் அதன் வலது ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். சாயத்துக்கு அடியில் ஈயம் அடைத்த இடம் இருந்தால் விரலுக்குத் தெரியும். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.