எல்லாருக்கும் ஒரே தப்பு

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பூமியைப் பற்றிய பாடம் அத்தனையும் அந்த டீச்சர் கையில்தான். பாறை, மண், எரிமலை, பருவகாலம், நிலா தேய்வது, வளர்வது எல்லாம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வைத்தது யார் என்று ஒரு வருடம் துருவித் துருவி விசாரித்தார். ஆள் அகப்படவில்லை. அதற்காக விட்டுவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சந்தேகம் அவருக்கு உடன்பிறந்தது. பழக்கடையில் மேலே அடுக்கியிருக்கும் ஆப்பிளைத் தொடமாட்டார், அடியில் கையை விடுவார். இப்படி வருகிறவர்களுக்காகவே கடைக்காரர் அடியில் சொத்தையை வைத்திருப்பாரோ என்று தோன்றியதும் மறுபடி மேலிருந்தே எடுப்பார். கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் காய்ச்சல் என்று படுத்தால், நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கஞ்சி வரும். கல்யாணத்துக்குத் தான் சம்மதம் சொன்னதையே இவள் இன்னும் முழுசாக நம்பவில்லை என்பது அந்த மனிதரின் தீராத புலம்பல்.

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பாடத்தை வாயால் சொல்லிவிட்டு உட்கார்கிற ரகம் இல்லை, எதையும் செய்து காட்டுவார். விடைத்தாளை வரி வரியாகப் படிப்பார். மதிப்பெண் போடுவதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது: சரியான விடை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம், ஏனென்றால் சரி என்பது ஒன்றுதான். தப்புக்கு ஆயிரம் வழி. அந்த ஆயிரத்தில் இரண்டு பேர் ஒரே தப்பில் போய் விழுந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். இந்தச் சட்டத்தை வைத்து அவர் பிடித்த காப்பிகள் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் ஏழாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு வைத்தார். ஆய்வக மேசை நடுவில் ஒரு பல்பு, அதுதான் சூரியன். பின்னல் ஊசி குத்திய ஒரு ரப்பர் பந்து, அதுதான் பூமி. மேசையின் நான்கு பக்கமும் தரையில் சாக்பீஸால் பக்கத்துக்கு ஒன்றாக, ஆள் நிற்க நான்கு சின்ன வட்டம். பிள்ளை தனியாக உள்ளே வரவேண்டும், பந்தைப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாக நின்று, பூமியில் நாம் இருக்கும் வடபாதிக்கு எங்கே கோடை, எங்கே குளிர் என்று காட்ட வேண்டும். சூட்சுமம் ஒன்றுதான். ஊசி சாய்ந்திருக்க வேண்டும், எங்கே போனாலும் ஒரே திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் இந்தப் பக்கம் நிற்கும்போது ஊசியின் தலை பல்பை நோக்கி இருக்கும், கோடை. அந்தப் பக்கம் போனதும் அதே சாய்வு பல்பை விட்டு விலகி இருக்கும், குளிர். பூமி தன் சாய்வை மாற்றிக்கொள்வதில்லை. இடம்தான் மாறுகிறது. இதை எழுத்துத் தேர்வில் எல்லாரும் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

முதலில் வந்தவள் வருகைப் பதிவில் முதல் எண்காரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற பெண். பந்தை எடுத்தாள். கோடை வட்டத்தில் ஊசியைப் பல்பை நோக்கிச் சாய்த்தாள். அடுத்த வட்டத்தில் மணிக்கட்டைத் திருப்பி ஊசியை நேராக நிமிர்த்தினாள். அதற்கடுத்ததில் பின்னால் சாய்த்தாள். பூமி தலையாட்டி பொம்மை ஆகிவிட்டது. டீச்சர் குறித்துக்கொண்டார். இரண்டாவதாக வந்தவனும் அதே இடத்தில் நிமிர்த்தினான், அதே இடத்தில் பின்னால் சாய்த்தான். மூன்றாவது, நான்காவது, கடைசிப் பிள்ளை வரை அதே மணிக்கட்டு, அதே தலையாட்டல்.

டீச்சருக்கு உள்ளே மணி அடித்தது. உள்ளே வந்தது ஒவ்வொருவராக, எட்டிப் பார்க்க வழியில்லை. அப்படியென்றால் வராந்தாவில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். முதலில் வெளியே போனவள் யார்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தாள். திரும்பக் கேட்டார். கண் கலங்கியது. குற்றமில்லாதவள் எதற்கு அழ வேண்டும் என்று டீச்சர் அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். செய்முறைக்குப் பூஜ்யம் போட்டு, தேர்வில் முறைகேடு என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்தார்.

அது சாதாரணப் பூஜ்யம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு விடுதியோடு சேர்ந்த ஒரு அறிவியல் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை தலைமையாசிரியை அதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. முறைகேடு என்று ஒரு வார்த்தை ஏறினால் அந்த இடம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தார். மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர், அங்கிருந்து அப்படியே வந்திருந்தார். சண்டை போடவில்லை. அதுவே டீச்சருக்கு உறுத்தியது.

“வீட்டுல பசிக்குதுன்னு சொல்றதுக்கே அவளுக்கு அரை நாள் ஆகும் டீச்சர். அவ போய் வராந்தாவுல நின்னு அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தான்னு சொல்றீங்க. நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க” என்றார்.

டீச்சர் யோசித்தார். பெண்ணை விடுவிப்பதற்காக அல்ல, பின்னால் இன்னும் பெரிய கை எதுவும் இருக்கிறதா என்று. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டியூஷன் வாத்தியார் மேல் ஒரு கண் போனது. ஆய்வக உதவியாளர் மேலும் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பாடம் தெரியாத கண்ணுக்கே இந்தத் தப்பு பளிச்சென்று தெரிந்தால் அத்தனை பேரும் தானாக அதில் விழுந்திருக்க முடியாது, அதைப் பார்த்தே விடுவது என முடிவு செய்தார். செய்தித்தாளும் கையுமாக இருந்த கணவரைக் கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர்தான் சூரியன். ஒரு ஆப்பிளில் பின்னல் ஊசியைக் குத்தினார்.

“முதல்ல சரியான முறையைக் காட்டுறேன். அப்புறம் பசங்க செஞ்சதைக் காட்டுறேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க.”

கணவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு பிள்ளைகள் செய்தது போல இன்னொருமுறை நடந்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றார் கணவர்.

பேப்பரிலேயே கண்ணை வைத்திருந்தால் எப்படித் தெரியும் என்று டீச்சர் செய்தித்தாளைப் பிடுங்கிச் சோபாவில் போட்டார். மறுபடி நடந்தார்.

“சத்தியமா ஒண்ணுதாம்மா. அந்த ஊசி முதல்ல என் மூக்கைப் பார்க்குது, அப்புறம் நிமிருது, எனக்குப் பின்னாடி போனதும், திரும்பித்தான் பார்த்தேன், உன் பக்கம் சாயுது. ரெண்டு தடவையும் அப்படித்தான் செஞ்ச.”

பொய் சொல்கிறாரோ என்று டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையைச் சந்தேகப்பட்டார். கண்ணை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். நாற்காலியைச் சுற்றும்போது உடம்பு எப்போதும் நடுவில் இருப்பவரைப் பார்த்தே திரும்பியது. உடம்போடு ஊசியும் திரும்பியது. அப்படியே விட்டால் எந்தப் பக்கம் போனாலும் கோடைதான். குளிர் வரவேண்டுமே என்று கை தானாக ஊசியை நிமிர்த்தியது, பின்னால் சாய்த்தது. வாய் மட்டும் சாய்வு மாறாது, சாய்வு மாறாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வகுப்பிலும் இப்படித்தான் செய்து காட்டியிருக்கிறார். எத்தனை வருடமாக என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எழுதும்போது பிள்ளைகள் அவர் வாயை நம்பினார்கள். செய்யும்போது கையை நம்பினார்கள். அவ்வளவு பேரும் பார்த்துச் செய்தது அவரைத்தான். அழுத அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். சான்றிதழில் கையெழுத்து விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுதேர்வு வைப்பதாகவும் சொன்னார். தலைமையாசிரியை விவரமானவர். இது இந்த அறையோடு போகட்டும், வகுப்பில் போய்ச் சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள் என்று புத்தி சொன்னார். அந்தப் பேச்சில் தனக்கு எவ்வளவு ஆசை வருகிறது என்பதைக் கண்டு டீச்சருக்கு அதன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

வகுப்பில் முன்னால் ஒரு மேசையைப் போட்டு, சுற்றி நான்கு வட்டம் வரைந்து, நடுவில் பல்பை ஏற்றினார். தான் இத்தனை நாள் காட்டியது தப்பு, யாரும் காப்பி அடிக்கவில்லை என்றார். முதல் எண்காரியின் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார்.

“உன்மேல வீணா பழி போட்டுட்டேன். என்னை மன்னிச்சிரும்மா.”

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் திரும்பிப் போய்ச் சரியான முறையைக் காட்டினார். ஊசி வாசற்கதவையே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. சிரித்தது யார் என்று அவர் பார்க்கவில்லை.

முதல் எண்காரி எழுந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“இது சரின்னு யாரு பார்த்தாங்க, மிஸ்?”

குத்திக்காட்ட அவள் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதுதான் டீச்சருக்கு வலித்தது. என்ன சொன்னாலும் அதைச் சொல்வதும் அவர்தானே? நேற்றுக் கூடத்தில் இப்படி நடந்து காட்டியதைக் கணவர் பார்த்தார் என்று சொல்லவா முடியும்?

“யாரும் பார்க்கல. நீ வந்து பாரு” என்றார்.

அந்தப் பெண் முன்னால் வந்தாள். மேசை விளிம்பில் கன்னம் படும்படி குனிந்து, பல்பு மட்டத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு, மறுபடி நடக்கச் சொன்னாள். டீச்சர் நடந்தார். இன்னும் மெதுவாக என்றாள். மெதுவாக நடந்தார். நான்கு வட்டத்திலும் அவள் ஊசியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், டீச்சரின் மணிக்கட்டைப் பார்த்தாள். அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.