டப்பா மட்டும்தான் புதுசு

ஒரு மனிதரின் தொழிலை ஒரே ஒரு வாக்கியத்தால் கெடுத்தேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். கோபத்தில் வாய் தவறி வந்ததும் அல்ல. காலையில் குளிக்கும்போது யோசித்து, வார்த்தைகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டு போய்ச் சொன்னது.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்துவந்தேன், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். லேப் முடிந்து என் பழைய அம்பாசடரில் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். சாலையோரப் புளியமரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டைதான் எனக்கு வழிகாட்டி. அந்த வருஷம் அந்தப் பட்டைகள் மங்கின. எதிரே லாரி வந்தால் அதன் விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம் ஒன்று தோன்றி, மற்ற எல்லாவற்றையும் மறைத்தது.

நான் பல்பைக் குறை சொன்னேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர், பட்டாளத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். வன்னியம்பட்டிக்காரர். எல்லோரும் மிலிட்டரி என்றே கூப்பிடுவார்கள். அவர் சாதாரண பல்பைக் கழற்றிவிட்டு ஹாலோஜன் போட்டுத் தந்தார். இரண்டே மாதத்தில் மறுபடி போய் நின்றேன்.

"மஞ்சளா அடிக்குது. நூறு வாட்ஸ் போடுங்க."

"நூறு வேண்டாம் சார். ஒயர் தாங்காது, சுவிட்சு உருகிரும். எதிர்க்க சைக்கிள்ல வாரவன் கண்ணு கூசி ஓடைக்குள்ள போயிருவான். இந்த அறுபதே அம்புட்டு வெளிச்சம் குடுக்கும்."

"எனக்குக் குடுக்கலையே."

அதுவரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஆறரைக்கு மேல வாங்க சார். அப்ப கடைல ஆள் இருக்காது, நிதானமாப் பாப்போம்."

மறுநாள் அவர் தனியாக இருந்தார். காரை எதிரிலிருந்த பஞ்சுக் கிடங்குச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். வெள்ளையடித்த சுவர். ஒரு பக்க விளக்கில் வெள்ளை ஹாலோஜனை விட்டுவிட்டு, மறுபக்கம் மலைச்சாலைப் பனிக்குப் போடும் மஞ்சள் கண்ணாடி பல்பை மாட்டினார். எது எதில் என்று எனக்குக் காட்டவில்லை. சுவிட்சைப் போட்டார்.

"இதுல எது சார் மஞ்சள்?"

சுவரில் இரண்டு வட்டங்கள். இரண்டும் தேநீர் சிந்திய வேட்டி போலத்தான் இருந்தன.

"வலது" என்றேன்.

விளக்கை அணைத்தார். "இடது சார்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பல்புல கோளாறு இல்ல. கண்ணை ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்க. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், கண்ணுல பொரை விழுந்திருந்துச்சு."

மஞ்சளைக் கழற்றி வெள்ளையைத் திரும்ப மாட்டித் தந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். லேப்பில் வெர்னியர் அளவுகோலின் கோடுகளை நான் படித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாணவர்களிடம், "நீயே படி, சரியா பாப்போம்" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். கண்ணருகே கத்தி வரும் என்ற பயம். ஒளியியல் நடத்துகிறவனுக்கு வெள்ளை தெரியவில்லை என்று ஊர் பேசும் என்ற பயம் அதைவிடப் பெரிது. அவர் வாய் திறப்பதற்கு முன் நான் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் என்னை வரச் சொன்னது என் மரியாதைக்காக. அதனால்தான் என் பொய்க்கு எதிர்சாட்சி இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் கேட்டார். "என்ன சார், மிலிட்டரி கடைல புது பல்பு போட்டீகளாமே?"

"பல்பு பழசு. டப்பா மட்டும்தான் புதுசு."

சிரிப்பு எழுந்தது. ஒருவர் பானெட்டைத் தட்டிக்கொண்டே, "மிலிட்டரி சரக்குல கலப்படம் இருக்காதும்பாக, இதுல இருக்கே" என்றார். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே ஒரு பஸ் முதலாளி என்னிடம் கேட்டார். அவருடைய ஆறு பஸ்களுக்கும் விளக்கு வேலை அந்தக் கடையில்தான் நடந்தது. "பௌதிகம் படிச்சவுக சொல்லுதீக. நிசந்தானா சார்?" நான் தலையாட்டினேன். ஆறு பஸ்களும் வேறு கடைக்குப் போயின. கடையைக் கடந்து போகிறவர்கள், "அண்ணாச்சி, பல்பு புதுசா, டப்பா புதுசா?" என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். ஒன்றரை வருஷத்தில் அவர் கடையை மூடிவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வாட்ச்மேனாகப் போனார்.

தொண்ணூறுகளில், இனி முடியாது என்ற நிலையில், மதுரைக்குப் போய் ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டேன். கட்டுப் பிரித்து வீடு வந்த சில நாளில், மாலையில் என் மைத்துனர் காரை உள்ளே விடுவதற்காக விளக்கைப் போட்டார். அதே பல்புகள். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன்: தேநீர். மறுகண்ணைப் பொத்திப் பார்த்தேன்: சுண்ணாம்பு வெள்ளை, ஓரத்தில் லேசான நீலம். மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டு நின்றேன். "கண்ணு உறுத்துதா?" என்று மைத்துனர் கேட்டார்.

டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், அன்று சொன்னது பொய் என்று சொன்னேன். பாதிப் பேர் புது ஆட்கள். "அந்தப் பேச்சு நீங்க சொன்னதா சார்? நாங்க பொண்ணு மாப்பிள்ளைக்கெல்லாம் சொல்லுவோமே" என்று ஒருவர் மகிழ்ந்துபோனார். பஸ் முதலாளி, "பழைய கதை, விடுங்க சார்" என்று காபி வரவழைத்தார்.

பிறகு நூற்பாலைக்குப் போனேன். நடந்ததை முழுவதும் என் கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டு எடுத்துப் போயிருந்தேன். மிலிட்டரி காக்கிச் சட்டையில் கேட்டருகே நின்றுகொண்டே அதை இரண்டு முறை படித்தார்.

"கண்ணு இப்ப நல்லாத் தெரியுதா சார்?"

"தெரியுது. என் கண்ணைப் பத்தி நீங்க யார்ட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ரெண்டு பேர்ட்ட சொன்னேன். வெளிச்சத்தப் பத்திப் பாடம் எடுக்கவருக்கே வெளிச்சம் தெரியாதாக்கும்னு சிரிச்சாக. பொறவு சொல்லல." தாளை மடித்தார். "இதை எங்க சார் ஒட்ட? கடை இல்லையே."

"மறுபடி கடை வைங்க. நான் உங்க கூடவே நிக்கேன்."

"எம்மவள பள்ளிக்கூடத்துல டப்பா மகள்னு கூப்பிட்டாக சார்" என்றார். அதற்குள் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போனார். திரும்பி வரவில்லை, நானும் காத்திருக்கவில்லை.

சில வருஷங்களில் அவர் இறந்த செய்தி வந்தது. துட்டி விசாரிக்க வன்னியம்பட்டி போனேன். அடிபம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அவருடைய முழுப் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள். மிலிட்டரியில் இருந்தவர் என்றேன்.

"இங்க வீட்டுக்கு வீடு மிலிட்டரிதான். எந்த மிலிட்டரி?"

"கார் லைட் கடை வச்சிருந்தவர்."

"டப்பாக்காரரா? அப்படிக் கேளுங்க."

"ஆமா. டப்பாக்காரர் வீடுதான்" என்றேன்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு, அவள் கையை நீட்டி வழி காட்டினாள்.