மைலேஜ் குறைந்ததும் நான் கேட்ட கேள்வி

கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஏழுமலைக்கு வெள்ளிமலை சொந்த ஊர். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க ஞாயிறுதோறும் என் பைக்கை வாங்கிப் போவான்.

லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுத்த வண்டி முப்பதுக்கு இறங்கியது. "மலைக்குத்தான் போறியா, இல்ல பெட்ரோல உருவுறியா?" என்று எல்லோர் முன்பும் கேட்டுவிட்டேன். அவன் சாவியைக் கொடுத்தான். அன்று முதல் பஸ்ஸில் போனான்.

அடுத்த மாதம், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவனுக்குப் போன் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து அவன் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

துக்கத்துக்குப் போன நான், "என்கிட்ட வண்டி கேட்டிருக்கக் கூடாதாடா?" என்றேன்.

"உன் வூட்டாண்ட வரிக்கும் வந்தேன். கேக்க மனசு வரல, திரும்பிட்டேன்."

மலையிறங்கும்போது என் பைக்கின் பின்சக்கரம் கொதித்தது. அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் அதைக் கையால் சுற்றிப் பார்த்தார். "பிரேக்கு எப்பவும் புடிச்சிக்கினே இருக்குதுங்க. அதான் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது" என்றார். பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுடா" என்றான்.

இப்போது மைலேஜ் குறைந்தால், முதலில் சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். யாரையும் கேட்பதில்லை. ஏழுமலையும் என்னிடம் வண்டி கேட்பதில்லை.