இடது தூண் ஸ்டிக்கர்

கம்பெனி கேட்டில் போன் லாக்கர் இருக்கும். உள்ளே போகும்போது எல்லோரும் போனை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்த இரும்பு அலமாரி முழுக்க டர்ர்... டர்ர்... என்று அதிரும்.

ஒரகடம் பக்கம், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப் அது. டிப்ளமோ முடித்த கையோடு மெயின்டனன்ஸில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தேன். சந்தேகம் வந்தால் மெஷின்காரர்களின் ஆன்லைன் ஃபோரம் ஒன்றுதான் கதி. கேள்வியைப் போட்டு, "பதில் வந்தால் மெயில் அனுப்பு" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், மணி அடையாளத்தில் சிவப்பாக ஒன்று, இரண்டு என்று ஏறும். அதைப் பார்க்கத்தான் லாக்கருக்கு ஓடி வருவேன். பைத்தியம்தான், வேறென்ன!

அங்கே பழைய பிரஸ் ஒன்று. கையை உள்ளே விட்டால் மெஷினை நிறுத்துகிற சென்சார், கை இல்லாதபோதும் நிறுத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் கத்தினார்.

"இன்னாம்மா, தபா தபா லைன் நின்னா டார்கெட்ட உங்கப்பாவா குடுப்பாரு? நாளைக்கு ஜம்பர் போட்டு வுடு."

ஜம்பர் என்றால் சென்சாரை ஏமாற்றும் சின்ன ஒயர் துண்டு. மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதே, எப்படிப் போடுவது என்று மாடல் நம்பரோடு ஃபோரத்தில் கேட்டேன். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மத்தியானம் ஷிப்ட் முடியும் முன்பு நானே போட்டுவிட்டேன். அடுத்த ஷிப்டுக்கு வடக்குப்பட்டு சங்கர் அண்ணன் அந்த மெஷினில் நின்றார்.

பஸ்ஸில் ஏறி போனைத் திறந்தால் ஒரே ஒரு பதில்.

"ஜம்பர் போடாத. போட்டா அது தானா ஒரு அடி அடிக்கும். இடது தூணுக்குப் பின்னாடி வல்லக்கோட்டை முருகன் ஸ்டிக்கர் இருக்கா?"

ஊர் பேரோ கம்பெனி பேரோ நான் எழுதவே இல்லை. ஆனால் ஸ்டிக்கர் இருந்தது... அதன்மேல் படியும் ஆயிலைத் தினமும் துடைப்பதே நான்தான்.

"இருக்கு. நீங்க யாரு?" என்று தட்டிவிட்டு, பஸ்ஸிலிருந்து குதித்தேன். போனை மறுபடி லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"அண்ணா, கைய எடுங்க! கைய எடுங்கண்ணா!"

"இன்னாம்மா, கூவிக்கினு வர... பேய கீய பாத்துட்டியா?"

சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். பெடலில் கால் இல்லை. யாரும் எதையும் தொடவில்லை.

பிரஸ் தானாக இறங்கி ஒரு அடி அடித்துவிட்டு ஏறியது.

அண்ணன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மெயினை அணைத்து ஒயரைப் பிடுங்கினேன். சூப்பர்வைசர் அதன்பின் ஜம்பர் பேச்சையே எடுக்கவில்லை.

பஸ் போய்விட்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் தண்டலம் வரும்போது மணியில் இன்னொரு ஒன்று.

"அந்த மாடல் நம்பர யார் எழுதினாலும் எனக்கு மெயில் வரும். ஸ்டிக்கர் நான் ஒட்டுனது. பதில் லேட் ஆச்சு, மன்னிச்சுக்க. இடது கையால டைப் பண்றேன்."

அவ்வளவுதான். பிறகு எத்தனையோ கேட்டேன், அவர் வரவே இல்லை.

இப்போது ஃபோரத்தில் ஆளே கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப் குரூப், வாய்ஸ் நோட்... அந்த பிரஸ்ஸும் எங்கேயோ விலை போய்விட்டது. அவர் பெயருக்குக் கீழே "கடைசியாக வந்தது" என்ற தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த மாடல் நம்பருக்கு இப்போது எனக்கும் மெயில் வரும்படி வைத்திருக்கிறேன்.

போன வாரம் வந்தது. யாரோ ஒருவர், சென்சார் தொல்லை தாங்கவில்லை, ஜம்பர் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். போடாதீங்க என்று எழுதி, ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டேன்.

உடனே பதில்.

"இருக்கு. நீங்க யாரு?"

எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பதில் டைப் செய்ய வெகு நேரம் ஆனது.