செம்புக்கு அடியில் ஒரு ரப்பர் வட்டு

என் கட்டிலருகே முக்காலியில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில், கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று பல வருடம் கிடந்தது. உள்ளங்கை அளவுதான். விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. கத்தியும் சூடும் படாமல் தண்ணீராலேயே வெட்டியது. வெட்டியவர் என் சம்பந்தி.

ஆமத்தூர்ப் பக்கம் அவர் வாட்டர் ஜெட் பட்டறை போட்டபோது முதலில் கேலி செய்தவன் நான்தான். "தண்ணியில்லாத காட்டுல தண்ணிய வச்சு வெட்டப் போறீகளாக்கும்?" என்றேன். "ஊரே நெருப்ப நம்பிப் பிழைக்குது சம்பந்தி. நான் ஒருத்தன் தண்ணிய நம்பிட்டுப் போறேன்" என்று அவர் சிரித்தது சாலை வரை கேட்டது. நுண்மணல் கலந்த தண்ணீரை ஊசித் துளை வழியே பீய்ச்சும் அந்த இயந்திரம் கிரானைட், கண்ணாடி, பித்தளை எதையும் கேட்ட வடிவில் வெட்டியது. கணினியில் படம் போட்டுக் கொடுத்தவள் என் மகள், அவர் மருமகள்.

நான் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர், வேதியியல் படித்தவன். மருந்து அடைக்கும் அறையின் ரப்பர் விரிப்பில் ஒட்டு இருக்கக் கூடாது, இடுக்கில் வெடிமருந்து சேரும். மூலைக்கும் தூணுக்கும் தண்ணீர் வடியும் துளைக்கும் பொருந்த ஒரே துண்டாக வெட்டித் தர அவரை அமர்த்தினேன். "மருந்து படாததுதானே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஒரு தீபாவளி சீசனில் புது விரிப்பு வந்து சேரவில்லை. ஆர்டர் நெருக்கியது. மூடிக் கிடந்த அறையின் பழைய விரிப்பை மேலாகத் துடைக்கச் சொல்லி அவர் பட்டறைக்கு அனுப்பினேன். அவர் போனில் கேட்டபோது "புதுசுதான்" என்றேன். தெரிந்தே சொன்ன பொய். மகள் அங்கே நிற்பாள் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. யார் பிள்ளை நின்றாலும் தீ ஒன்றுதான்.

சற்று நேரத்தில் கூப்பிட்டார். போனேன். பட்டறையில் ஆளில்லை, எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார். வாசலிலேயே பிரித்துப் பார்த்த விரிப்பு தூரத்துப் பொட்டலில் கிடந்தது. கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெடிமருந்தில் சேரும் அலுமினியத் தூள் மின்னியது; ஈரம் பட்டால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். கத்துவார் என்று நின்றேன். "மிஷின்ல ஏத்தியிருந்தா பக்கத்துல உங்க மகதான் நின்னிருப்பா. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்" என்றார். அவ்வளவுதான்.

அன்றே மதுரைக்கு வண்டி அனுப்பிப் புது விரிப்பு வரவழைத்து, மறுநாள் வெட்டித் தந்தார். "அங்கன வேலை பாக்குற பிள்ளைக கால் வைக்கணும்ல." துளைக்காக வெட்டியெடுத்த வட்டை என் கையில் வைத்தார். "வீணாக்காதீக, செம்பு வைக்க ஆகும்."

அதன் பிறகு எத்தனை விசேஷங்கள், எத்தனை பந்திகள்! சபை நடுவே என் வழுக்கையைக் கேலி செய்தார், என் இங்கிலீஷைக் கேலி செய்தார். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. வாய் ஓயாத மனிதர், நான் சொல்ல வேண்டியதை எனக்காகவே விட்டுவைத்துக் காத்திருந்தார். நான் சொல்லவேயில்லை.

போன மாசியில் அவர் காலமானார். காரியம் முடிந்து வந்த மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு என்னையச் சாத்தூருக்குச் சேவு வாங்க விரட்டுனாக. ஆமத்தூர்லயே கிடைக்குமே மாமான்னேன். 'சாத்தூர்ச் சேவு மாதிரி வருமா, போ தாயி'ன்னாக" என்றாள்.

செம்பை இறக்கிவிட்டு, வட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் வெகுநேரம் கழுவினாள். முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுல இருக்கட்டும்ப்பா."

முக்காலி மரத்தில் இப்போது செம்பின் ஈரம் வட்டமாகப் படிந்துவருகிறது.