தொலைபேசியில் வந்த சித்தி

எனக்கு ஒரு சித்தி இருக்கிறார் என்பதை முதன்முதலில் எனக்குச் சொன்னவன், கடன் அறவிடும் கொம்பனி ஒன்றில் வேலை செய்த பெடியன். அப்போது எனக்குப் பத்து வயது. சுன்னாகத்துக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். யன்னல் விளிம்பில் கிடந்த அவருடைய தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"தங்கச்சி, அம்மா நிக்கிறாவோ? உங்கடை சித்தியைப் பற்றி ஒரு விசயம் கேக்கவேணும்."

எனக்குச் சித்தி இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அவன் சிரித்தான். கனிவான குரல், வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிறவர்களுடைய குரலைப் போல.

"இருக்கிறா தங்கச்சி. மயிலிட்டியிலை இருக்கிறா. அம்மாட்டைக் கேட்டுப் பாருங்கோ."

அம்மா ஈரக் கையோடு வந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது, ஆரோ நம்பர் மாறி எடுத்துவிட்டார்கள் என்றார். நான் நம்பவில்லை. நம்ப விருப்பமும் இல்லை. என் வகுப்பில் எல்லோருக்கும் சித்தி இருந்தார்கள். ஒருத்தியின் சித்தி சுவிஸிலிருந்து சொக்லேட் அனுப்புகிறவர். இன்னொருத்தியின் சித்தி அவளுக்குத் தலையில் ஐந்து விதமாகப் பின்னி விடுவார். எனக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார், அதுவும் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் என்பதை நினைத்து அன்று எனக்கு உள்ளூரச் சந்தோசமாகவே இருந்தது.

அதன்பின் தொலைபேசி ஓயவில்லை. காலையில் நான் சப்பாத்துப் போடும்போது அடித்தது. அம்மா புட்டு அவிக்கும்போது அடித்தது. எடுத்தால் அக்கா, அக்கா என்று தொடங்குவான். நாட்கள் போகப் போக அந்த அக்கா தேய்ந்துகொண்டே வந்தது. பிறகு வேறு குரல்களும் சேர்ந்துகொண்டன. அம்மா தன் தொலைபேசியை நிறுத்திவைத்தால் அப்பாவின் தொலைபேசிக்கு எடுத்தார்கள். அவர் எந்தச் சந்தையில் எந்தப் பக்கம் நின்று வெங்காயம் விற்கிறவர், நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன், எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கையின் முனையில் என்ன கடை இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்போது என்னைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும்.

ஒருநாள் அம்மா தொலைபேசியை அரிசி வாளிக்குள் புதைத்து மூடிவிட்டார். ஆனாலும் அது உள்ளேயிருந்து, மூக்கடைத்தவர் பாடுவதைப் போல அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுபோனது.

சித்தியின் கதையை நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் சேர்த்தேன். கடற்கரையோர மயிலிட்டி ஆட்கள் சண்டைக்கால இடப்பெயர்வில் ஊரை விட்டு வந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்கள். அங்கே இருந்த ஒருவரைத்தான் சித்தி விரும்பிக் கல்யாணம் செய்தார். கடலுக்குப் போகிற குடும்பம். நாங்கள் தோட்டம் செய்கிற குடும்பம். அது ஏன் பொருந்தாது என்று யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லாத விசயமாக அது இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருடைய பெயர் இல்லை. அம்மப்பாவின் செத்தவீட்டுக்கு அவர் வந்தபோது வாசல் படலையோடு திருப்பி அனுப்பினார்களாம். படலையில் நின்றவர் என் அப்பா. வீட்டுக்கு வந்த யாரையும் தேத்தண்ணி குடியாமல் போகவிடாத மனிதர் அவர்.

பிறகு இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டியை விடுவித்தபோது சித்தியின் குடும்பம் திரும்பிப் போய்க் குடியேறியது. படகுக்கு எஞ்சினும் வலையும் வாங்கச் சித்தி கடன் எடுத்தார். வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போக, தவணை நின்றுவிட்டது.

ஒரு மாலை அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். சைக்கிளில் பாதி வெங்காயம் விற்காமல் அப்படியே இருந்தது. முகம் கழுவாமல் வாசல் குந்தில் இருந்துகொண்டார்.

"சந்தைக்கு வந்திட்டாங்கள்," என்றார். "அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை, 'அண்ணை, உங்கடை மச்சாள் எங்கை' எண்டு கத்துறாங்கள். 'உனக்கு ஏதடாப்பா மச்சாள்' எண்டு பக்கத்துக் கடைக்காரன் கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

காசைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மச்சாள் என்ற சொல்லைச் சந்தையில் நாலுபேர் கேட்டுவிட்டதுதான் அவரைச் சுட்டது.

அந்தக் கடனுக்கு அம்மா கையெழுத்து வைத்தவர் இல்லை. எங்களை நெருக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை என்பதை வளர்ந்த பிறகு அறிந்தேன். அன்று பொலிசுக்குப் போயிருக்கலாம். ஆனால் போனால், அங்கே எழுதுகிறவரிடம் என்னுடைய தங்கச்சி என்று சொல்லித்தான் முறைப்பாட்டைத் தொடங்கவேண்டும்.

"இஞ்சேரும், நீர் ஒண்டு செய்யும்," என்றார் அப்பா. "எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தியும் இல்லை எண்டு சொல்லிப்போடும். ஒருக்காச் சொன்னால் காணும். விட்டிடுவாங்கள்."

அடுத்தநாள் அழைப்பு வந்தபோது அப்பா பக்கத்தில் நின்றார். அம்மா, பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதை ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார். அங்கிருந்து அவன் ஏதோ கேட்டான். "இல்லை எண்டுதானே சொல்லுறன்," என்றார் அம்மா. பிறகு போய் முகத்தை நெடுநேரம் கழுவினார்.

அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அழைப்புகள் நின்றன. வீடு அமைதியானது. எனக்குத்தான் கவலை. கிடைத்த சித்தி மறுபடியும் இல்லாமல் போய்விட்டார். அம்மா தொலைபேசியை வாளிக்குள் புதைப்பதை விட்டு, துடைத்து யன்னலில் வைத்தார். அது அடிக்காத நேரங்களில், முன்பு அடித்த நேரங்களைவிடக் கூடுதலாக அதைத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்சக் காலம் கழித்து ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். சுன்னாகத்தில் நகை அடைவு வைக்கும் கடை ஒன்றுக்குள் போனார். என்னை வாசலில் நிறுத்தியிருந்தார். வெளியே வந்தபோது காசு சுற்றிய கைலேஞ்சித் துணியை மடித்துச் சட்டைக்குள் செருகினார். கையில் எப்போதும் கிடக்கிற காப்பைக் காணவில்லை. நான் கேட்டதற்கு, கழற்றி வைத்திருக்கிறேன் என்றார். பிறகு கோயில் பக்கம் போகாத பஸ்ஸில் ஏறினோம்.

மயிலிட்டியில் கூரையில்லாத வீடுகள் நிறைய இருந்தன. சுவர்களுக்குள்ளிருந்து மரங்கள் வளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தன. அப்படி ஒரு வீட்டின் பக்கத்தில் தகரத்தால் அடித்த கொட்டில். முற்றத்தில் பழைய வலையை விரித்து மீன் காயப்போட்டிருந்தது. குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அம்மாவை வெயிலில் பல வருடம் விட்டால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

இரண்டு பேரும் கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சித்தி கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"உன்னைப்போலை இல்லை. எங்கடை அம்மான்ரை மூக்கு," என்றார் அம்மாவிடம்.

அம்மாவுக்கு அழுகை வராமல் கோபம் வந்தது. "நீ ஏனடி என்ரை நம்பரை அவங்களுக்குக் குடுத்தனீ?"

"சொந்தக்காரர் ஒராளின்ரை நம்பர் கேட்டாங்கள், அக்கா. இல்லாட்டிக் கடன் தரமாட்டினமாம். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?" சித்தி சத்தம் போடாமல்தான் சொன்னார். "நீதானே அவசரமெண்டால் எடு எண்டு ஆளிட்டைக் குடுத்துவிட்டனீ. நான் ஒருநாளும் எடுக்கேல்லைத்தானே."

அம்மா அந்த நம்பரைக் கொடுத்தனுப்பியிருந்தார் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. அம்மா அப்படியே ஒரு கவிழ்த்த வாளியில் இருந்துவிட்டார். சித்தப்பா வேறொருவருடைய படகில் கூலிக்குப் போயிருக்கிறார், எஞ்சினைக் கொம்பனிக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அப்படியும் கடன் முடியவில்லையாம் என்று சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பும்போது மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

சித்தியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். குரலும் மாறியது. ஊருக்கே கேட்கிற மாதிரி,

"அந்த விலைக்குத் தரேலாதம்மா! வேணுமெண்டால் எடுங்கோ, இல்லாட்டி வேறை இடம் பாருங்கோ," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

இரண்டு பேர் இறங்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளத்த சப்பாத்து. முன்னால் வந்தவன் வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வானொலிக் குரல்.

"ஆர் இவை?" என்று எங்களைக் காட்டிக் கேட்டான்.

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும், தம்பி? கருவாடு வாங்க வந்தவை."

அவன் அம்மாவைப் பார்த்தான். "எங்கையிருந்து வாறியள்?" என்றான். அம்மா வாய் திறக்கவில்லை. கருவாட்டைக் குனிந்து பார்த்தபடி இருந்தார். வீட்டில் ஓயாமல் பேசுகிற அம்மா ஏன் ஊமையைப் போல நிற்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவையை விடுங்கோ. பாவம், சாமான் வாங்க வந்த சனம்," என்றார் சித்தி.

அவன் சித்தியிடம் திரும்பினான். நாங்கள் நிற்கிறோம் என்பது அவனுக்கு வசதியாகவே இருந்திருக்கவேண்டும். பார்க்க ஆள் இருந்தால் அவனுக்குக் குரல் ஏறும். அவன் சொன்ன எல்லாவற்றையும் நான் இங்கே எழுதவில்லை. ஒரு பெண்ணிடம், அவளுடைய முற்றத்தில் நின்று சொல்லக்கூடாதவை. அயல் கொட்டில்களிலிருந்து தலைகள் தெரிந்தன, பிறகு மறைந்தன. கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"உன்ரை சொந்த அக்காவே எனக்குத் தங்கச்சி இல்லை எண்டு சொல்லிப்போட்டா. என்ரை காதாலை கேட்டனான். பிறகு உனக்கு ஆர் பொறுப்பு?"

அம்மா குனிந்து ஒரு கருவாட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

சித்தி அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. "ஓம் தம்பி," என்றார். "அவா சொன்னது சரிதான். எனக்கு அக்கா ஒருத்தரும் இல்லை. இனி அங்கை எடுத்து அந்த மனுசியைக் கரைச்சல்படுத்தாதைங்கோ."

பிறகு தராசை எடுத்துக் கருவாட்டை நிறுத்தார். கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். அம்மா கைலேஞ்சியை எடுத்து, அதைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினார். சித்தி அதை விரித்தார். நோட்டுகளைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மடித்து அம்மாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"மிச்சக் காசு. கவனமாக் கொண்டுபோங்கோ," என்றார்.

அவர் கையில் இருந்த அந்த ஒற்றை நோட்டை வானொலிக் குரல்காரன் வாங்கிக்கொண்டான்.

சித்தியை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அடுத்த மாரிக்குள் அவர்கள் மயிலிட்டியை விட்டுப் போய்விட்டார்கள். மன்னார்ப் பக்கம் என்றார்கள் சிலர். படகேறி இந்தியாவுக்கு என்றார்கள் சிலர். அம்மா இரண்டு தடவை தனியாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கொட்டிலின் தகரத்தைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்களாம். எங்களுக்கு அதன்பின் அந்தக் கொம்பனியிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. சந்தையிலும் யாரும் அப்பாவிடம் மச்சாளைப் பற்றிக் கேட்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்த வழி பலித்துவிட்டது என்று அப்பா கன காலம் நம்பினார். அந்தக் கருவாட்டைக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தபோது, இது எங்கே வாங்கினது, நல்ல சாமான் என்று கேட்டு மறுசோறு போட்டுக்கொண்டவரும் அவர்தான். சந்தையில் என்றார் அம்மா.

அன்று மயிலிட்டியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் எங்களுக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. முன் சீற்றில் இருந்தவர்கள் கருவாட்டு மணத்துக்கு முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கைலேஞ்சியைப் பிடித்த கையைத் திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல் அழுதார். அவ்வளவு தூரம் தேடிப் போன சித்தி எங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே, அதற்குத்தான் அழுகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் அம்மா அழுவதைப் பார்க்க முடியாமல், சித்தியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்றுதான் அகப்பட்டது.

"அம்மா, அவா நல்லவா," என்றேன். "ஏமாத்தேல்லை. மிச்சக் காசைச் சரியாத் தந்திட்டா."

அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். கணக்கில் ஏதோ பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று நான் நினைத்தேன்.